வெறும் எடையும் சுமை எடையும்

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் போகும் சாலையில், சிவப்பு விளக்குக்காக ஒரு லோரி பக்கத்தில் வந்து நின்றால் அதன் கதவைப் பாருங்கள். வெள்ளைப் பெயிண்டில் இரண்டு வரி எழுதியிருக்கும். முதல் எண் 'பெராட் தன்பா முவாத்தான்', அடுத்தது 'பெராட் டெங்ஙான் முவாத்தான்'. மலாய் மொழியில் 'தன்பா' என்றால் இல்லாமல். 'டெங்ஙான்' என்றால் கூட. சரக்கு ஏற்றாத எடை ஒன்று, சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை மற்றொன்று. கதவில் முதலெழுத்துகள் மட்டும்தான் இருக்கும். அவற்றைத் தமிழில் எழுதினால் இரண்டுக்கும் 'பி.டி.எம்.' என்றே வந்துவிடும்.

இந்தக் குழப்பத்தை ஒரு மனிதர் தம் வகுப்பில் ஆண்டுக்கணக்கில் தீர்த்துவந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் லோரியும் டிரெய்லரும் ஓட்டி, பிறகு ஈப்போவில் கனரக வாகனப் பயிற்சி கொடுத்தவர். தமிழ்ப் பையன்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இரண்டே பெயர்: வெறும் எடை, சுமை எடை. "லைசென்ஸ் கேட்கிறது வெறும் எடையை. ரோடு கேட்கிறது சுமை எடையை. ரெண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நீ" என்பார். பாடம் அங்கிருந்துதான் தொடங்கும்.

அவர் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். விடிவதற்கு முன் நெற்றி விளக்கோடு போய்க் கோடு போட்டுவிட்டு, வெயில் ஏறியபின் மங்கு மங்காகப் பாலை எடுத்து வாளியில் சேர்ப்பார்கள். இரண்டு வாளிகளையும் ஒரு காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து பால் கொட்டகைக்கு நடப்பார் அப்பா. சரிவில் இறங்கும்போது ஒரு வாளியில் ஒரு மங்கு பால் கூடுதலாக இருந்தாலும் கம்பு தோளில் வழுக்கும். அப்பா நின்று, கம்பை நாலு விரல் நகர்த்தி வைத்துக்கொண்டு மறுபடி நடப்பார். பின்னாளில் டிரெய்லரில் சரக்கு ஏற்றும்போதெல்லாம் அந்த நாலு விரல் நகர்த்தலைத்தான் நினைத்துக்கொண்டதாக அவர் சொல்வதுண்டு.

எடை என்பது பார்த்ததும் தெரிவதல்ல என்பதையும் கொட்டகையிலேயே கற்றார். பாலை எடை போட்ட கிராணி அதோடு விடமாட்டார். மெட்ரோலாக் என்ற அளவுகோலை உள்ளே மிதக்கவிட்டு, பாலில் எத்தனை பங்கு காய்ந்த ரப்பர் என்று பார்ப்பார். பொதுவாக மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சமெல்லாம் தண்ணீர். சம்பளம் அந்த ஒரு பங்குக்குத்தான். தோளை அழுத்தியதோ முழுப்பாலும்.

தோட்டங்கள் கைமாறின. அறுபதுகளில் தோட்டத் துண்டாடலுக்குப் பயந்து துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கிய கதை சுங்கை சிப்புட்காரர்களுக்குத் தெரியாததல்ல. சம்பந்தன் அந்த ஊர்க்காரர். காப்பாற்றப்பட்ட தோட்டங்கள் சில. பல இடங்களில் பால்மரம் சாய்ந்து செம்பனை ஏறியது. வேலை குறைந்த வீடுகளிலிருந்து பையன்கள் டவுனுக்குக் கிளம்பினார்கள். நம்மவரும் கிளம்பினார். பதினேழு வயதில் ஒரு மணல் லோரியில் கெலிண்டான் வேலை. சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கத்துவது.

கிந்தா பள்ளத்தாக்கில் மணலுக்கும் கல்லுக்கும் பஞ்சமில்லை. ஈயம் எடுத்துத் தீர்ந்த குட்டைகளைச் சுற்றி மணல்மேடு. ஈப்போவைச் சூழ்ந்து சுண்ணாம்புக்கல் மலை. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஐந்தாம் எண் ஈயக் கப்பல் இன்னும் நிற்கிறது. அதன் எடை ஏறக்குறைய 4,500 டன். அவ்வளவு எடையையும் ஒரு குட்டைத் தண்ணீர் தாங்கியது, எடை முழுத் தளத்துக்கும் பரவி இறங்கியதால். லோரியின் கதை வேறு. அது எத்தனை டன்னாக இருந்தாலும் சாலையைத் தொடுவது ஒவ்வொரு டயரின் அடியிலும் விரித்த கை இரண்டு மூன்று அளவு இடத்தில்தான்.

மணல் லோரியில் அவர் முதலில் கண்டுகொண்டது மழையின் எடை. காய்ந்த மணல் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.6 டன். நனைந்துவிட்டால் 1.9, 2 டன் வரை போகும். அதே பெட்டி, அதே உயரம், அதே ஓட்டுநர். நேற்று 10 கன மீட்டருக்கு 16 டன் என்றால் இன்று 19 டன். கதவில் எழுதிய எண் மட்டும் மாறுவதில்லை. மழை பெய்த மறுநாள் பெட்டியை விளிம்புவரை நிரப்பவிடாத ஓட்டுநர்களை அவர் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பார். மண்வாரி ஆபரேட்டர் மேலேயிருந்து "சிக்கிட் லாகி?" என்று கேட்பான். இன்னும் கொஞ்சமா? பெரும்பாலோர் தலையாட்டிவிடுவார்கள். நடைக்கு இவ்வளவு என்றோ டன்னுக்கு இவ்வளவு என்றோ கூலி வாங்குகிறவனுக்கு அந்த இன்னொரு அள்ளு என்பது பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து. அந்தக் கணக்கைத் தெரியாமல் ஓட்டுநர்களைத் திட்டுவது எளிது.

லைசென்ஸ் எடுக்கும் வயது வந்தபோது அவருக்கு விளங்கியதைத்தான் பின்னாளில் மாணவர்களுக்கும் விளக்கினார். மலேசியாவில் 'டி' லைசென்ஸ் என்பது வெறும் எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத மோட்டார் காருக்கு. அதைத் தாண்டினால் 'இ' வகுப்பு: 'இ2' என்றால் 5,000 கிலோ வரை, 'இ1' என்றால் 7,500 வரை, அதற்கு மேல் முழு 'இ'. 21 வயது ஆகியிருக்க வேண்டும். சரக்கு வாகனம் ஓட்ட 'ஜிடிஎல்' என்ற தொழில் உரிமமும் தனியாக வேண்டும். இந்த எண்களெல்லாம் வெறும் எடை. பெட்டியில் பஞ்சு இருந்தாலும் கருங்கல் இருந்தாலும் லைசென்ஸில் எழுத்து மாறாது.

ஐரோப்பாவில் கணக்கை மாற்றிப் போடுகிறார்கள். அங்கே சாதாரணக் கார் லைசென்ஸின் 3,500 கிலோ என்பது சுமையோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை. பிரிட்டனில் 1997 ஜனவரி முதல் தேதிக்குப் பின் லைசென்ஸ் எடுத்தவர்கள் பெரிய கேரவன் இழுக்கத் தனி ஓட்டுத் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அந்தத் தேர்வை நீக்கிவிட்டு, 3,500 கிலோ வரையிலான இழுவண்டிகளை இழுக்க அனுமதித்துவிட்டார்கள். எந்த முறை சிறந்தது என்று கேட்டால், சுமையை எண்ணும் முறையே நேர்மையானது என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து. ஓட்டுகிறவன் கையில் இருக்கும் காகிதமே அவனைச் சுமையை நினைக்க வைக்கிறது. இங்கே அந்த வேலையைக் கதவுப் பெயிண்டும் 1989ஆம் ஆண்டின் கூட்டரசுச் சாலை எடைக் கட்டுப்பாட்டு ஆணையும்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

மணலிலிருந்து கல்லுக்கும் கல்லிலிருந்து டிரெய்லருக்கும் போனார். ஜெலாப்பாங் சம்பவம் அந்த டிரெய்லர் காலத்தில் நடந்தது.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கோலகங்சார் பக்கமிருந்து ஈப்போவுக்கு வருகிறவர்கள் மெனோரா சுரங்கத்தைத் தாண்டியதும் காதில் ஒரு அடைப்பை உணர்வார்கள். சாலை அங்கிருந்து மலையை விட்டு இறங்கிக்கொண்டே வரும். அந்த நீண்ட சரிவின் அடியில் அப்போது ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது. பிரேக் பிடிக்காத லோரிகள் வரிசையில் நிற்கும் கார்கள்மேல் வந்து விழுந்த இடம் அது. 2009இல்தான் அந்தச் சாவடியை எடுத்தார்கள். அதுவரை, சரிவில் இறங்குகிற ஒவ்வொரு கனரக ஓட்டுநருக்கும் எதிரே மனிதர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

அன்றைக்குப் பிறையிலிருந்து கட்டடக் கம்பி. இரும்புக்கு ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 7.8 டன். டிரெய்லர் மேடையில் கம்பிக்கட்டு முழங்கால் உயரம்கூட இல்லை. பார்த்தால் பாதி வண்டி காலி. எடைமேடைக்குப் போக நேரமில்லை என்று அனுப்பியவர்கள் சொன்னார்கள். அவரும் பார்வையை நம்பினார். பெர்மிட் எடையைவிட அன்று எத்தனை டன் கூடுதல் என்பது ஈப்போவில் இறக்கி எண்ணியபோதுதான் தெரிந்தது. ஏழு டன்.

சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தபோது கியர் உயரத்தில் இருந்தது. அதுதான் முதல் தப்பு. வேகம் ஏற, காலால் மிதித்தார், குறைந்தது. விட்டார், ஏறியது. மறுபடி மிதித்தார். நாலைந்து முறை ஆனதும் மூக்குக்குத் தெரிந்தது: கருகின வாடை, தேய்ந்த செருப்பை அடுப்பில் போட்டதுபோல. பிரேக் டிரம் சூடேறி விரியும்போது உள்ளிருக்கும் லைனிங்கிலிருந்து விலகிப்போகிறது. லைனிங்கும் மெருகேறி வழுக்குகிறது. மிதி அதே மிதிதான், பிடி மட்டும் இல்லை. காற்றழுத்த முள் ஒவ்வொரு மிதிக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கெலிண்டான் பையன் "அண்ணே, பின்னாடி புகை" என்றான். கண்ணாடியில் பார்த்தார். டிரெய்லர் சக்கரங்கள் நீலமாகப் புகைந்துகொண்டிருந்தன.

எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, ஒரு கியர் குறைத்தார். பற்கள் அலறிப் பிடித்தன. இன்னொன்று குறைத்தார். அது விழாமல் போயிருந்தால் நியூட்ரலில் 40 டன்னுக்கு மேல் ஓடியிருக்கும். விழுந்தது. ஓரப்பாதையில் ஏற்றி, டோல் கூரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி நின்றது. பையன் கட்டையோடு குதித்தான், பிறகு தண்ணீர்ப் போத்தலோடு சக்கரத்துக்கு ஓடினான். அவர் போட்ட சத்தத்தில் பையன் அப்படியே நின்றுவிட்டான். கொதிக்கிற டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும். இரண்டு மணி நேரம் ஓரத்தில் உட்கார்ந்து அது தானே ஆறும்வரை காத்திருந்தார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தை அவர் வகுப்பில் ஒரு கணக்காக மாற்றினார். 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் அதன் இறக்கம் முழுவதும் எங்கோ சூடாகித் தீர வேண்டும். அந்தச் சூட்டில் 130 லிட்டருக்கு மேற்பட்ட பச்சைத்தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிடும். கோயில் அன்னதானத்துக்கு வைக்கிற அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள் என்பார். எஞ்சின் அதில் ஒரு பங்கைத் தாங்கினால் பிரேக்குக்கு மிச்சம். கியரை உயரத்தில் வைத்து இறங்கினால் அண்டா முழுவதும் பிரேக் டிரம்மின் மேல். ஏழு டன் கூடுதல் என்றால் அதே அடுப்பில் இன்னும் 23 லிட்டர். டிரம்மோ கதவில் எழுதிய எடைக்கு மட்டுமே செய்யப்பட்டது.

மறுநாள் அவர் முதலாளியிடம் போய், எடைச்சீட்டு இல்லாமல் இனி இரும்பு ஏற்ற மாட்டேன் என்றார். "வேற டிரைவர் கிடைப்பான் லா" என்று பதில் வந்தது. கிடைத்தான். இவர் மூன்று வாரம் வீட்டில் இருந்தார். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பால் கொட்டகைப் பக்கம் வளர்ந்தவர், நிறுவை என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும்.

அதற்குப் பின் சில ஆண்டுகள் செம்பனைக் குலை லோரி. பால்மரம் நின்ற அதே செம்மண் தடத்தில், இப்போது குலை. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்க்கப் பார்ப்பார்கள். தாமதித்தால் எண்ணெயின் தரம் போகும். ஆலை வாசலில் எடைமேடை. சுமையோடு ஒரு தடவை, கொட்டிவிட்டு வெறுமையாக ஒரு தடவை. கழித்த மிச்சத்துக்குக் காசு. இங்கே அவருக்கு ஒன்று உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. லோரி பெர்மிட்டை மீறியிருந்தால் அதற்கான சாட்சி அந்தச் சீட்டிலேயே அச்சாகி இருக்கிறது. மொத்த எடை, தேதி, நேரம், வண்டி எண் எல்லாம். விற்றவர், வாங்கியவர், லோரிக்காரர் மூவரிடமும் ஒரு பிரதி. சாலையோரத்தில் சாலைப் போக்குவரத்துத் துறை அதிகாரிகள் வெயிலில் நின்று மறித்து நிறுக்கிற எடையை, ஆலை தினமும் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து நிறுத்து வைக்கிறது. சரக்கு ஏற்றிவிடுகிறவரையும் வாங்குகிறவரையும் பொறுப்பாக்காமல் ஓட்டுநரை மட்டும் பிடிப்பதில் எந்த நியாயமும் இல்லை.

சாலையும் இதைத் தாங்குவதில்லை. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் லோரிகளை ஓடவிட்டு நடத்திய பெரிய சோதனையிலிருந்து பொறியாளர்கள் ஒரு விதி எடுத்தார்கள்: அச்சின் எடை கூடும்போது சாலையின் சேதம் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடும். 10 டன் தாங்க வேண்டிய அச்சில் 12 டன் என்றால் சேதம் இரட்டிப்பு. 20 டன் என்றால் பதினாறு மடங்கு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் வழி ஒரே மழைக்காலத்தில் குண்டும் குழியுமாவதற்கு விளக்கம் வேண்டியவர்கள் இங்கே தேடலாம்.

2025 மே 13ஆம் தேதி காலை. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாவின் பாதுகாப்புப் பணியை முடித்துவிட்டு, கலகத் தடுப்புப் போலீஸ் படையினர் தங்கள் டிரக்கில் ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிக்குஸ்-சுங்கை லம்பாம் சாலையில் கல் ஏற்றிய லோரி ஒன்று அவர்கள்மேல் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். நம் திருவிழாவுக்குக் காவல் நின்றவர்கள். லோரியின் ஸ்டியரிங் செயலிழந்ததையும், அனுமதித்த அளவுக்கு மேல் அதில் சுமை இருந்ததையும் அரசு அமைத்த சிறப்புக் குழு எடுத்துச்சொன்னது. விபத்து நடந்த அன்று மாலை அவர் வகுப்பு எடுக்கவில்லை. மாணவர்களைப் பயிற்சித் திடலில் நிறுத்தியிருந்த லோரியைச் சுற்றி நடக்க வைத்தார். டயர், ஸ்டியரிங் இணைப்பு, ஸ்பிரிங், கதவிலுள்ள எண்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனப் பரிசோதனை இருக்கிறது, உண்மைதான். நடுவில் இருக்கிற ஆறு மாதமும் ஓட்டுநரின் கண்ணில்தான் போகிறது.

சமீபத்தில் அவருடைய அக்கா மகன் பழைய கேரவன் ஒன்றை வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போகத் திட்டம். "மாமா, சின்னதுதானே, என் காரே இழுக்கும்" என்றான். கார் ஏறக்குறைய ஒரு டன்.

அவர் கேரவனின் இழுகோல் பக்கத்தில் குந்தி, துருவைத் துடைத்துத் தகட்டைப் படித்தார். வெறும் எடை 690 கிலோ. அனுமதித்த மொத்தம் 900. உள்ளே எட்டிப் பார்த்தார்: 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தது, கேஸ் சிலிண்டர், பேட்டரி, ஜெனரேட்டர், கூடாரத் துணி, நாற்காலிகள், ஒரு மூட்டை அரிசி, பெரிய சட்டி இரண்டு. பெரும்பாலும் எல்லாம் பின்பக்கம், கதவுக்குக் கிட்டே இருக்கட்டும் என்று. பழைய இரும்பு வாங்குகிற கடையின் எடைமேடைக்கு இழுத்துப் போனார்கள். அது பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். 980 காட்டியது.

கேரவன் பழக்கம் அதிகமுள்ள பிரிட்டனில், புதிதாக இழுக்கிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்வார்கள்: சுமையேறிய கேரவன், இழுக்கும் காரின் வெறும் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதற்கு முன்னால், கார் தயாரித்தவரே கையேட்டில் எவ்வளவு இழுக்கலாம் என்று எழுதியிருப்பார்; இழுக்கவே கூடாது என்றும் எழுதியிருக்கலாம். பையன் கையேட்டைத் திறந்ததில்லை. திறந்து படித்ததும் அந்தக் கார் திட்டத்திலிருந்து விலகியது. அவன் தம்பியின் பிக்கப் வந்தது. இரண்டு டன் வண்டி. கையேட்டிலும் இடம் இருந்தது.

பிறகு மூக்கெடை. கேரவனின் இழுகோல், காரின் கொக்கியில் எவ்வளவு அழுத்துகிறது என்பது. மொத்தத்தில் 5 முதல் 7 சதவீதம் இருப்பது நல்லது என்பார்கள். 900 கிலோவுக்கு 45 முதல் 63. கொக்கியும் இழுகோலும் அந்த அளவைத் தாங்கும் என்று அவற்றில் எழுதியிருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் மூக்கு தூக்கும், வேகத்தில் கேரவன் வாலாட்டத் தொடங்கும், கார் பின்னாலேயே ஆடும். அக்கா வீட்டுக் குளியலறைத் தராசை வாங்கி வந்தார். அதன்மேல் பலகைத் துண்டு, பலகைமேல் இழுகோல். முள் 18இல் நின்றது.

"பின்னாடி எல்லாத்தையும் எடுடா."

தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்; சாக்கடையோரம் ஓடியது. கேமரனில் தண்ணீருக்கு என்ன பஞ்சம். ஜெனரேட்டர் வீட்டிலேயே நின்றது. அரிசியும் சட்டியும் அச்சுக்கு நேர் மேலே, தரையில். சிலிண்டர் முன்பெட்டிக்கு. அவர் பேட்டரியை ஒரு சாண் முன்னுக்கு நகர்த்தினார், எழுந்து பார்த்தார், இன்னும் நாலு விரல் நகர்த்தினார். முள் 52. எடைமேடையில் மறுபடி நிறுத்தபோது 890.

பிக்கப்பும் கேரவனும் ஆட்களும் சேர்ந்து 3 டன். மலையிலிருந்து 1,000 மீட்டர் இறங்கினால் 100 லிட்டர் தண்ணீர் கொதிக்கிற சூடு. பையனிடம் அதைச் சொல்லிவிட்டு, ஏறும்போது எந்த கியரில் திணறினாயோ அந்த கியரிலேயே இறங்கு, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திச் சக்கரத்துக்கு அருகில் கையைக் காட்டிச் சூடு பார், தொடாதே என்றார். பிள்ளைகள் ஏற்கெனவே பின்சீட்டில் ஏறி ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து, கேரவன் கதவில் ஒன்றின்கீழ் ஒன்றாக 690 என்றும் 900 என்றும் எழுதினார்.